நாலு மணிக்கு வாசலில் இரண்டு பேர்

ஒருவர் செய்கிற வேலையைப் பாராட்டப் போய், அந்த வேலையையே கெடுத்துவிட முடியுமா? அந்த நவம்பரில் இதை என்னிடம் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. கோல்டர்வில்லில் பெர்னெட்டா கோலரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்காமலேதான் அவருக்கு விருது கொடுக்க முடிவு செய்தார்கள்.

பெர்னெட்டாவின் தொழில் பெண்களுக்கு முடி வெட்டி அலங்காரம் செய்வது. ஆற்றுச் சாலையில் இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. இளம் வயதில் நல்ல கூட்டம் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் கையில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஆலை வாசலில் போய் நின்றார். ‘இங்கே என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா?’ என்று அதில் எழுதியிருந்தார்.

ஆலையில் செய்வது அணுகுண்டுக்கு வேண்டிய ஒரு சின்னப் பாகம். என்ன பாகம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சம்பளம் நல்லது, ஓய்வூதியம் நல்லது, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கொரு பன்றித் தொடை வரும். அதற்கு மேல் யோசிக்க எந்த வீட்டிலும் நேரம் இருக்கவில்லை. பெர்னெட்டாவின் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஆலைக்காரர்களின் மனைவிகள். அடுத்த மாதமே அவர்கள் பக்கத்து ஊருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய் முடி வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

பெர்னெட்டா கடையை மூடவில்லை. சவ அடக்க நிலையத்தில் இறந்தவர்களுக்குத் தலை வாரிவிட ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையைப் பிடித்துக்கொண்டார். அவரை விட்டு ஓடிய பெண்கள், காலம் போகப்போக, ஒவ்வொருவராக அவரிடமே வந்து சேர்ந்தார்கள்.

“உயிரோட இருக்கறவரைக்கும் என் கை படக்கூடாதுன்னு இருந்தாளுங்க. கடைசியில என்கிட்டதான் தலையைக் குடுத்தாளுங்க. இப்ப ஒருத்தியும் என் அட்டையைப் பத்தி மூச்சு விடறதில்ல” என்பார் பெர்னெட்டா.

அவர் இனிமையானவர் என்று யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நாக்கு கத்தரிக்கோலைவிடக் கூர்மை. ஆனால் மழையோ பனியோ, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஷிப்ட் விடும்போது அவர் அங்கே நிற்பார்.

ஆலை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு புல்தரை இருக்கிறது. நாலு கார் நிறுத்தலாம், அவ்வளவுதான். அதிலிருந்து பெர்னெட்டாவையும் அவரோடு சேர்ந்து நிற்க ஆரம்பித்தவர்களையும் விரட்ட ஆலை ஒருமுறை வழக்குப் போட்டது. நீதிபதி இரண்டு பக்கமும் திட்டாத மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னார். ஆலை வேலி போடுவதற்கு முன்பிருந்தே நிற்பதால், தொடர்ந்து நிற்கலாம். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிச் சைரன் ஊதும்போது குறைந்தது இரண்டு பேர் அங்கே இருக்க வேண்டும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை தவறினாலும் இடம் ஆலைக்குப் போய்விடும். அன்றிலிருந்து வாசல் கூண்டில் இருக்கிற காவலாளி ஒவ்வொரு வாரமும் தலையை எண்ணிக் குறித்துக்கொள்கிறார். ஆலைக்காரர்கள் அந்த இடத்தில் லாரிகளுக்கு இரண்டாவது வாசல் கட்டப் படம் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் முப்பது பேர் வரை நின்றார்கள். பிறகு குளிருக்குப் பயந்தவர்கள் சேர்ந்து அமைதிக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, நூலகத்தில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அமைதியைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு வளர வளர வாசலில் கூட்டம் குறைந்தது. கடைசியில் நின்றது இரண்டே பேர். ஒருவர் பெர்னெட்டா, இன்னொருவர் லைல் விட்மர். லைல் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டியவர். இடுப்பு சரியில்லை, ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மற்றதற்கு மெஷின் வேண்டும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டெடுத்தால் தோற்றவர் மனம் புண்படுமாம். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் முடிவாகும். ஒத்துக்கொண்டவர்கள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சத்தமில்லாமல் விரல்களை ஆட்டுவார்கள். எல்லா விரலும் ஆடினால் தீர்மானம் நிறைவேறியது. காபி காகிதக் கோப்பையிலா பீங்கான் கோப்பையிலா என்று முடிவு செய்ய ஒரு குளிர்காலம் முழுக்க விரல் ஆடியது. பெர்னெட்டா அப்போதுதான் எழுந்து வெளியே வந்தார். திரும்பப் போகவில்லை.

அந்தக் குழுதான், ஊரின் அமைதிப் போராளிகளைக் கௌரவிக்க ஒரு விருந்து வைப்பது என்று தீர்மானித்தது. யார் மனமும் புண்படக் கூடாது என்பதால், புல்தரையில் ஒருமுறையாவது நின்ற எல்லோருக்கும் ஒரு கேடயம். கார் பழுதாகி, இழுத்துப் போகிற வண்டிக்காக அங்கே காத்து நின்ற ஒரு மனிதரும் பட்டியலில் வந்துவிட்டார். தேதிதான் அமையவில்லை. வியாழன் என்றால் சிலருக்குப் பாட்டுக் குழு. சனி என்றால் கால்பந்து. ஞாயிறு என்றால் தேவாலயம். இருட்டினால் வயதானவர்கள் வண்டி ஓட்ட மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆலையே முன்வந்து, தன் மனமகிழ் மன்றத்தை வாடகை இல்லாமல் தருவதாகச் சொன்னது. கோழிச் செலவும் ஆலையுடையது. ஒரே நிபந்தனை, மன்றம் வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் காலி. எல்லா விரலும் ஆடின.

இது ஆலையின் தந்திரமா என்று சிலர் பிறகு கேட்டார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் குழுவை ஏமாற்ற யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. இலவசக் கோழியே போதும். நாலு மணிக்கு வாசலில் யாராவது நிற்க வேண்டுமே என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர்கள் எல்லோரும் அங்கே நிற்பதை விட்டு வெகுகாலமாகிவிட்டது.

அழைப்பு வந்ததும் பெர்னெட்டா குழுத் தலைவி பிரிஸில்லா தேயருக்குப் போன் செய்தார்.

“பிரிஸில்லா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் எங்க இருப்பேன்னு தெரியாதா உனக்கு?”

“தெரியாம என்ன? மேடையில!”

“வாசல்ல இருப்பேன். நீயும் ஒரு காலத்துல அங்கதான நின்ன? அதுகூடவா மறந்து போச்சு?”

“அட கடவுளே” என்றார் பிரிஸில்லா. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். “ஆனா பாருங்க பெர்னெட்டா, இது எல்லாரும் ஒருமனசா எடுத்த முடிவு. மாத்தணும்னா மறுபடி எல்லாரும் கூடணும். ஹோவர்ட் ஃப்ளோரிடாவுக்குப் போயிட்டார். குளிர் விட்டாத்தான் வருவார்.”

“விருந்தை மாத்த வேணாம். ஒரு ஆளை மட்டும் அனுப்பு.”

“யாரைப் போகச் சொல்றது? எல்லாருக்கும் கேடயம் இருக்கே. ஒருத்தரை அனுப்பினா அவங்க மனசு என்ன பாடுபடும்? எனக்கு ஒண்ணு தோணுது. விருந்துலயே எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம். இந்த வாரத்துக்கு அதையே கணக்குல வச்சுக்கலாமே. அடையாளமா!”

“அடையாளமாவா?”

“ஆமா. அழகா இருக்கும்ல?”

“அப்படின்னா கோழியையும் அடையாளமாப் போடு. எத்தனை பேர் வர்றாங்கன்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் பெர்னெட்டா போனை வைத்தார்.

வியாழக்கிழமை லைல் முடி வெட்டிக்கொள்ள வந்தார். விருந்துக்காகத்தான். பெர்னெட்டா அவர் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டு, நல்ல காதுப் பக்கம் குனிந்து கத்தினார்.

“நாளைக்கு நீ என்கூட வாசலுக்கு வர்ற!”

லைல் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். “ஜோலீன் எனக்கு சூட்டு வாங்கிட்டா” என்றார். ஜோலீன் அவர் மகள்.

“சூட்டைப் போட்டுட்டு வாசலுக்கு வா. யாரு வேணாங்கறா?”

“பெர்னெட்டா, ஒரே ஒரு தடவை. ஆயுசு பூரா தபால் போட்டேன், நாய் குரைச்சுது. வாசல்ல நின்னேன், காப்பிக் கோப்பையை விட்டெறிஞ்சானுங்க. ஒரு நாளாவது எனக்கு நாலு பேர் கை தட்டட்டுமே.”

“தட்டப் போறது யாருன்னு பாத்தியா? கோப்பையை எறிஞ்சாங்களே, அதே ஆளுங்கதான்.”

“அதனாலதான் எனக்கு வேணும்” என்றார் லைல்.

பெர்னெட்டா அவர் தலையை முன்னால் அழுத்தினார். கத்தரியைக் கொஞ்சம் வேகமாகப் போட்டார்.

“ஏய், ஏய், காதை விட்டு வை!”

“அது இருந்து உனக்கு என்ன பிரயோஜனம்?”

மறுநாள் காலையில் பெர்னெட்டா, வழக்கமாக அட்டைகளை வைத்திருக்கிற லைல் வீட்டுக் கொட்டகைக்கு அவற்றை எடுக்கப் போனார். அங்கே ஒன்றும் இல்லை. வரலாற்றுக் கண்காட்சி வைக்கிறோம் என்று குழுவினர் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். பகலெல்லாம் பெர்னெட்டா தெரிந்தவர்களுக்குப் போன் செய்து பார்த்தார். எல்லோரும் விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆள் வேண்டுமென்றால் ஆட்கள் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். அவரும் மன்றத்துக்குப் போனார்.

மன்றம் ஆலை வாசலுக்கு எதிர்ப்புறம். ஜன்னல் வழியே பார்த்தால் புல்தரை தெரியும். படம் காட்டுவதற்காகத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். சுவரில் பெர்னெட்டாவின் அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது, செத்த வண்ணத்துப்பூச்சியைக் குத்தி வைத்த மாதிரி. ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி இரண்டாவது மேசையில் உட்கார்ந்து கோழித் தொடையைக் கவனித்துக்கொண்டிருந்தார். மேயர் பேசினார். இந்த ஊர் என்றைக்குமே அமைதியை நேசித்து வந்திருக்கிறது என்றார். போராடியவர்களும் உழைத்தவர்களும் ஒரே குடும்பம் என்றார். பெர்னெட்டாவைப் பார்த்து, ‘நம் ஊரின் மனசாட்சி’ என்றார். இதே மனிதர் நகரசபையில் உறுப்பினராக இருந்தபோது, புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாயை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் திறந்துவிடச் சொன்னவர்.

கேடயங்களை அகர வரிசைப்படி கொடுத்தார்கள். கார் பழுதான மனிதர் மூன்றாவதாக வந்து, கண் கலங்கி, தன் மனைவிக்கு நன்றி சொன்னார். கோலர் நடுவில் வந்தது. விட்மர் கடைசி. பெர்னெட்டா மேடை ஏறும்போது நாலு மணியாகக் கொஞ்சம்தான் இருந்தது. கேடயத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“சாப்பாடு நல்லா இருந்துச்சு. நாலு மணியாகப் போகுது. அந்தத் திரையை விலக்கினீங்கன்னா வாசல் தெரியும். அங்க இப்ப ஒரு ஈ காக்கா இல்ல. சைரன் ஊதறப்ப ரெண்டு பேர் இல்லன்னா அந்த இடம் போச்சு. நீங்க பாராட்டறது எதையோ, அதுவே போச்சு. நான் ஒரு ஆள். இன்னும் ஒரே ஒரு ஆள் வேணும். பேச்சு இல்ல, பாட்டு இல்ல, சும்மா நிக்கணும். யார் வர்றீங்க? கோட்டை மாட்டிக்குங்க, வெளியில பனிமழை.”

எங்கோ ஒருவர் மூக்கைச் சிந்தினார். பிறகு யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். ஒரு மேசை எழுந்தது, பக்கத்து மேசை எழுந்தது, மன்றமே எழுந்து நின்று தட்டியது. மக்கள் தொடர்பு அதிகாரியும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பிரிஸில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். “என்ன ஒரு பேச்சு! யாராவது போகத்தான் வேணும், இல்லையா? எல்லாருக்கும் சம்மதமா?”

குழுவினர் கைகள் தலைக்கு மேல் போயின. விரல்கள் ஆடின. ஒரு விரல்கூட மறுக்கவில்லை.

“ஒருமனசா நிறைவேறிடுச்சு!” என்றார் பிரிஸில்லா. “அடுத்ததா, மேபெல் லேங்!”

எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பெர்னெட்டா கோட்டை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். லைல் பக்கமும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்லிவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது. சாலையைக் கடந்து புல்தரையில் போய் நின்றார்.

கூண்டிலிருந்து காவலாளி டுவெய்ன் தலையை நீட்டினான்.

“என்ன பெர்னெட்டாம்மா, ஒத்தையா நிக்கறீங்க? கோழி தீந்து போச்சா?”

“உன் மணியைப் பாரு.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு ஆளை ரெண்டுன்னு எழுத முடியாது, இப்பவே சொல்லிட்டேன்.”

“எழுதுன்னு உன்னை யாராவது கெஞ்சினாங்களா?”

“சட்டம்தான் ரெண்டுங்குது. நானா சொல்றேன்?”

“உங்க அம்மாவுக்குக் கடைசியாத் தலை வாரிவிட்டது யாரு டுவெய்ன்?”

“அதை எதுக்கு இப்ப இழுக்கறீங்க?”

“சும்மாதான். பொழுது போகணுமே.”

டுவெய்ன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆலைக்குள் கார்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. அப்போது மன்றத்தின் கதவு திறந்தது. புது சூட்டோடு, மேல்கோட்டு இல்லாமல், கைத்தடியை ஊன்றிக்கொண்டு லைல் வெளியே வந்தார். பின்னால் ஜோலீன் ஓடி வந்தாள்.

“அப்பா! இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க பேரைக் கூப்பிடுவாங்க! ஒவ்வொரு வருஷமும் நடக்காது அப்பா! எங்க போறீங்க?”

லைல் திரும்பவில்லை. கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தாரோ தெரியாது. ஒரு காலை இழுத்து, தடியை ஊன்றி, மறு காலை இழுத்து வந்தார். சாலை ஓரத்துக்கு வந்தபோது சைரன் ஊத ஆரம்பித்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டிய முதல் வண்டி வாசலை விட்டுப் பாய்ந்தது. டுவெய்ன் கூண்டிலிருந்து குதித்து, தடுப்புக் கம்பை இறக்கி, கையை நீட்டி நிறுத்தினான். வண்டிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே கெட்ட வார்த்தையில் திட்டினான்.

“வண்டியை நிறுத்தறது என் வேலை. கத்தாத!” என்று டுவெய்ன் அவனிடம் கத்தினான்.

லைலின் ஷூ புல்லில் பட்டபோது சைரன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. டுவெய்ன் இருவரையும் பார்த்தான். “ரெண்டு” என்றான், அந்தச் சொல்லை யாரோ தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி. பிறகு கம்பைத் தூக்கிவிட்டான்.

கார்கள் போக ஆரம்பித்தன. லைலுக்கு மூச்சு வாங்கியது. பெர்னெட்டா தன் மப்ளரைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றினார், கொஞ்சம் இறுக்கமாகவே.

“ஏன் வந்த?” என்று கத்தினார்.

“என்ன?”

“ஏன் வந்தேன்னு கேட்டேன்!”

லைல் சட்டைப்பையிலிருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். “மேயர் வாயைத் திறந்ததுமே இதைக் கழட்டிட்டேன். நீ பேசினது ஒண்ணும் காதுல விழல. திடீர்னு எல்லாரும் எழுந்து நின்னாங்க. அட, எல்லாரும் வாசலுக்குக் கிளம்பிட்டாங்க போல, பரவாயில்லையேன்னு நானும் எழுந்தேன். பாத்தா, எல்லாரும் உக்காந்துட்டாங்க. நீ மட்டும் கதவைத் திறந்துட்டுப் போற.”

“உனக்குக் கைதட்டு வேணும்னு சொன்னியே.”

“வேணும்தான். எழுந்தாச்சு. மறுபடி எப்படி உக்கார்றது?”

பெர்னெட்டா சிரித்தார். அவர் சிரித்து டுவெய்ன் பார்த்ததே இல்லை. கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். பனிமழை வலுத்தது. பெர்னெட்டா அக்குளில் இருந்த கேடயத்தை எடுத்து லைலிடம் நீட்டினார். நல்ல கனமான மரப்பலகை.

“இந்தா, தலைக்கு மேல பிடி. அதுக்காவது உதவட்டும்.”

“என்ன எழுதியிருக்கு இதுல? கண்ணாடி கொண்டுவரல.”

“என் பேரு, குழுப் பேரு, ஆலை பேரு. ஆலை பேருதான் இருக்கறதுலயே பெருசு.”

லைல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலைக்கு மேல் பிடிக்காமல், அட்டையைப் பிடிப்பது போல நெஞ்சுக்கு நேரே, போகிற கார்கள் பார்க்கும்படி பிடித்துக்கொண்டார். ஒரு காரின் ஜன்னல் இறங்கியது. காப்பிக் கோப்பை பறந்து வந்து கேடயத்தில் மோதித் தெறித்தது.

“தடுத்துட்டேன்!” என்றார் லைல். “இத்தனை வருஷத்துல முதல் தடவையா தடுத்துட்டேன், பாத்தியா?”

மறுவாரம் ஊர்ப் பத்திரிகையில் பெரிய படம் வந்தது. மன்றம் முழுக்க எழுந்து நின்று கை தட்டுகிற படம். அமைதிக்காக ஊரே எழுந்து நின்றது என்று அதன் கீழே போட்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் வயதான மனிதர் ஒருவர், ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் தன் தடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் பெயரைப் போட இடம் இல்லை போலிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையும் குழுவிலிருந்து யாரும் வாசலுக்கு வரவில்லை. விருந்து எப்படி இருந்தது என்று பேசுவதற்காகக் கூட்டம் போட்டிருந்தார்கள்.

லைலின் கேடயத்தை ஜோலீன் வாங்கி வந்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். பெர்னெட்டா தன்னுடையதை அடுக்களையில் வைத்திருக்கிறார். அதன் பின்பக்கம் வழவழவென்று இருப்பதால் வெங்காயம் நறுக்க வாகாக இருக்கிறதாம். புல்தரை இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. லாரி வாசல் இன்னும் ஆலையின் வரைபடத்தில்தான் இருக்கிறது.

இதைப் படித்தவர்கள் இன்னொருவரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் யாருக்காவது பாராட்டு விழா நடத்தப் போகிறார்கள் என்றால், அதற்குத் தேதி குறிக்கிறவர்களிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லும்போது கைதட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். கைதட்டி முடித்து எல்லோரும் உட்கார்ந்தபோது, உட்காராமல் கதவைப் பார்த்து நடந்த லைல் விட்மரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.